குற்றவாளிக் கூண்டில் யந்திரமா?

யந்திரமே குற்றவாளி என்றொரு கூக்குரல் எமது நாட்டில் எழுந்திருக்கிறது. இளைஞர் கெட்டால் கைத்தொலைபேசி மேல் பழி. கலகம் மூண்டால் முகநூல் மேல் பழி. வேலை பறிபோனால் செயற்கை நுண்ணறிவு மேல் பழி. பிரசங்க மேடையில் நிற்கும் சில போதகர்கள் யந்திரம் சாத்தானின் கைக்கருவி என்கிறார்கள். ஆட்சிப் பீடத்தில் இருப்போர் அதனைப் பூட்டிவைக்கச் சட்டம் தேடுகிறார்கள். அதனைச் செய்து விற்றவர்களோ, "நாங்கள் கருவியைத்தான் கொடுத்தோம்; பாவம் பாவித்தவனுடையது" என்று கையைக் கழுவுகிறார்கள். மூன்று கட்சியினரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமைப்படுகின்றனர்: குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியது மனிதன் அன்று என்பதே அது.

இந்த வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். மறுப்பதற்குக் கிறிஸ்தவ சமயத்தின் போதனையையே சாட்சியாக அழைக்கிறோம். சைவ வாசகர்கள், "இது எமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் மெழுகுதிரி ஏற்றும் கூட்டத்தில் எத்தனை பேர் சைவர், எத்தனை பேர் பௌத்தர் என்பதைக் கொட்டாஞ்சேனையில் வாழ்பவர் அறிவர். அந்த ஆலயத்தில் சிந்திய இரத்தம் ஒரு சமயத்தாரின் வழக்கு மட்டும் அன்று.

பூட்டப்பட்டது எது? திறந்திருந்தது எது?

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய தினமே அரசாங்கம் செய்தது யாது? முகநூலையும் வட்ஸ்அப்பையும் பூட்டியது. தம் பிள்ளைகளையும் பெற்றோரையும் தேடித் தவித்த மக்களின் வாயும் காதும் அடைபட்டன. ஏப்ரல் முடிவில் தடை நீங்கிற்று. இரண்டு வாரங்கள் செல்லுமுன், மே 13ஆம் திகதி, குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பூட்டு எவரைக் காத்தது?

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை ஏப்ரல் முற்பகுதியிலேயே இந்தியாவிலிருந்து வந்துவிட்டது. செய்தி கொணரும் யந்திரம் தன் கடமையைச் செய்தது. அதை வாசித்த மனிதர் தம் கடமையைச் செய்யவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் எனவும், அக்காலப் பொலிஸ்மா அதிபரும் பாதுகாப்புச் செயலாளரும் புலனாய்வுத் தலைவர்களும் தத்தம் பங்கைச் செலுத்தவேண்டும் எனவும் கட்டளையிட்டது. மக்களின் அடிப்படை உரிமையைக் காக்கத் தவறினர் என்பதே குற்றம். இந்நாட்டின் அதியுயர் மன்றம் கூண்டில் ஏற்றியது யந்திரத்தை அன்று. கவனயீனமாக இருந்த மனிதரையே என்பதை எமது போதகர்களும் மந்திரிகளும் மனத்திற் கொள்வாராக.

முகநூல் பிறக்குமுன்

வதந்தி கைத்தொலைபேசியோடு பிறந்ததா? 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில், பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார் என்ற பொய் தெருத் தெருவாகப் பரவிற்று. அப்படி ஓர் ஆசிரியையே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அதற்குள் எரியவேண்டிய வீடுகள் எரிந்துவிட்டன. அன்று யார் கையில் கைத்தொலைபேசி இருந்தது?

1983 ஜூலையில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் புகுந்த காடையர், தமிழர் வீடு எது, பிறர் வீடு எது என்று எவரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குரிமையைக் காக்க எழுதிய பட்டியல் உயிரைப் பறிக்கும் பட்டியல் ஆயிற்று. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் குறுக்கிட்டுத் தடை விதித்தது. அங்கும் வேலை செய்தது பதிவுப் பட்டியலே.

காகிதப் பட்டியலுக்கே இவ்வளவு வலிமை இருந்ததென்றால், ஒவ்வொருவரின் பெயரும், முகமும், கைவிரல் அடையாளமும் ஒரே யந்திரத்தில் சேரும் நாளை எண்ணிப் பாருங்கள். இந்திய நிதியுதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அத்திட்டத்தை நாம் கண்மூடி எதிர்க்கவில்லை. ஒரு கையொப்பத்துக்காகக் கச்சேரி வாசலில் நாள் முழுதும் காத்திருக்கும் கமக்காரனுக்கு அது நன்மை செய்யக்கூடும். ஆனால் தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக இயற்றப்பட்ட பின்னும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டனவே! பட்டியலை எழுத அவசரம். பட்டியலைக் காக்க மட்டும் அவகாசமா?

கிறிஸ்தவ வேதம் குடிமதிப்பைப் பற்றி இரண்டு கதைகள் கூறுகிறது. தாவீது அரசன் தன் படைபலத்தை அளக்க மக்களை எண்ணியது பாவமாயிற்று. உரோமச் சக்கரவர்த்தி ஒருவன் குடிமதிப்புக்குக் கட்டளையிட்டதாலேயே ஓர் ஏழைத் தம்பதி பெத்லகேமுக்கு நடந்தனர் என்று லூக்கா எழுதுகிறார். எண்ணுவது பாவம் என்பது இதன் பொருளன்று. எண்ணுகிறவன் யார், எதற்காக எண்ணுகிறான், எண்ணப்பட்டவனுக்கு அவன் யாது பதில் சொல்லுவான் என்பவையே கேள்விகள்.

"கருவிதான் கொடுத்தோம்" என்போருக்கு

இனி யந்திரத்தைச் செய்து விற்போரின் வாதத்துக்கு வருவோம். கத்தி செய்த கொல்லன் கொலைக்குப் பொறுப்பாவானா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி கெட்டித்தனமானது, உவமை பொய்யானது. கொல்லன் கத்தியை விற்றபின் அது எவர் கையில் எங்கே பாய்கிறது என்று நிமிஷந்தோறும் கணக்குப் பார்ப்பதில்லை. முகநூல் பார்க்கிறது. எந்தச் செய்தி எவர் கண்ணில் முதலிற் படவேண்டும் என்று அதுவே தெரிந்தெடுக்கிறது. கோபம் மூட்டும் செய்தியில் கண் நிலைத்து நின்றால் அதனால் வருமானமும் பெறுகிறது. அச்சகத்துக்குத் தெரிவு இல்லை, பத்திராதிபருக்கு உண்டு. தெரிவு செய்பவர் பத்திராதிபரே. பத்திராதிபருக்குப் பொறுப்பும் உண்டு என்பதை இந்தப் பத்திரிகை நடத்தும் எம்மைவிட அறிந்தவர் யார்?

2018 பெப்ரவரி முடிவில் அம்பாறையில் நடந்ததை நினையுங்கள். சிங்களம் சரிவர அறியாத, தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் இளைஞரை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டு, உணவில் மலட்டு மாத்திரை கலந்தாயா என்று சிங்களத்தில் உறுக்கிற்று. கேள்வி விளங்காத அவர் பயத்தில் ஆமென்றதுபோல் சொன்ன வார்த்தை படமாக்கப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அந்த "மாத்திரை" வெறும் மாக்கட்டியே என்று அரச பகுப்பாய்வு பின்னர் கண்டது. ஆயினும் சில நாட்களில் கண்டி திகன எரிந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட நச்சு வார்த்தைகளைப் பற்றிப் பலர் முறையிட்டும் அவற்றை வாசித்துணரப் போதிய ஆட்கள் அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை என்று அக்காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதத்தில், அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, எரிந்த கடை வந்ததா?

இவ்வழக்குக்கு முன்னுதாரணம் உண்டு. 1928ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரில், சிநேகிதி வாங்கிக்கொடுத்த இஞ்சிப் பானத்தைக் குடித்த டொனஹியூ என்ற ஏழைப் பெண், போத்தலுக்குள் அழுகிய நத்தை இருந்தது என்றும், அதனால் தாம் நோயுற்றார் என்றும் முறையிட்டார். போத்தல் நிறக் கண்ணாடி; உள்ளே இருப்பது தெரியாது. பானம் செய்த ஸ்டீவன்சனோ, "நான் கடைக்காரனுக்கு விற்றேன், இப் பெண்ணை நான் அறியேன், இவளோடு எனக்கு ஒப்பந்தம் இல்லை" என்றார். இன்றைய யந்திர வியாபாரிகளின் வாதம் இதிலிருந்து ஓர் எழுத்தேனும் மாறியதா?

1932இல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அப் பெண்ணின் பக்கம் தீர்த்தது. அத்தீர்ப்பில் அட்கின் பிரபு தேடிச்சென்ற ஆதாரம், அயலானை நேசிக்கவேண்டும் என்ற கிறிஸ்தவக் கட்டளையே. அன்பைச் சட்டம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அயலானுக்குத் தீங்கு செய்யாதிருக்கக் கட்டாயப்படுத்தலாம். உன் செயலால் பாதிக்கப்படக்கூடியவன் என்று நீ நியாயமாக எண்ணியிருக்கவேண்டிய ஒவ்வொருவனும் உன் அயலானே என்பது அவர் தீர்ப்பின் சாரம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாத போத்தல் அன்று. உள்ளே எக் கணக்கு ஓடுகிறது என்று எவருக்கும் தெரியாத யந்திரம் இன்று. கலிபோர்னியாவில் இருப்பவனுக்குத் திகனயில் இருப்பவன் அயலான். இதைச் சட்டமாக்கும் துணிவு எமது பாராளுமன்றத்துக்கு உண்டா?

பாராளுமன்றம் செய்தது வேறு. 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஐவர் கொண்ட ஆணைக்குழு எது பொய் என்று தீர்மானிக்க வகைசெய்து, எழுதியவனைச் சிறைக்கு அனுப்பும் வழியை விசாலமாக்கிற்று. உயர் நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் சபாநாயகருக்கு எதிராகக் கொணர்ந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை அதே ஆண்டு மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டது. போத்தல் செய்த முதலாளியை விட்டுவிட்டுக் குடித்தவளைத் தண்டிக்கும் நீதி இது. அதிகாரம் எப்படிப் பாயும் என்பதற்கு முன்னமே உதாரணம் உண்டு: 2020 ஏப்ரலில் இன வெறுப்புக்கு எதிராக முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் கைதாகி ஐந்து மாதங்கள் சிறையிருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

சாத்தானின் கருவி என்போருக்கு

போதகர்களுக்கு ஒரு வார்த்தை. 1820இல் அமெரிக்க மிசன் தன் அச்சுத் தொழிலாளரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியபோது, அவரை நாட்டில் இருக்கவிடாது திருப்பியனுப்பியது அன்றைய ஆங்கிலேய ஆட்சி. யந்திரத்துக்கு அஞ்சியவர்கள் ஆள்வோரே. பின்னர் மானிப்பாயில் அச்சகம் எழுந்தது. 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. அதே யந்திரத்தை ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் நிறுவி, மிசனுக்கே மறுப்பு எழுதினார். யந்திரம் வேதத்தையும் அச்சிட்டது, சைவத்தையும் அச்சிட்டது. தமிழ் உரைநடை இருபாலாராலும் வளர்ந்தது.

1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேற்கத்திய வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியரை உருவாக்கிவிட்டு 1873இல் தாயகம் திரும்பினார். புதிய வித்தையைக் கண்டு அவர் ஓடவில்லை. அதை ஏழையின் மொழியில் ஏழையின் வாசலுக்குக் கொண்டுவந்தார். அந்த மரபில் வந்தோம் என்று பெருமை பேசும் சபைகள், இன்றைய இளைஞனுக்குச் சொல்லக்கூடியது "தொலைபேசியை அணை" என்பது மட்டுந்தானா?

கத்தோலிக்க திருச்சபையின் தலைமைப்பீடம் இவ்வாறு ஓடி ஒளியவில்லை. ஆலை யந்திரங்கள் தொழிலாளியை அரைத்த காலத்தில், 1891இல், பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் உரிமை பற்றித் திருமுகம் எழுதினார். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது எழுந்த கேள்வியும் அதுவே: யந்திரத்துக்காக மனிதனா, மனிதனுக்காக யந்திரமா? 2024 ஜூனில் பாப்பரசர் பிரான்சிஸ் இத்தாலியில் கூடிய ஏழு வல்லரசுகளின் மாநாட்டுக்கே சென்று, மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த யந்திரத்திடமும் விடக்கூடாது என்றார். 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடு, செயற்கை நுண்ணறிவு மனித அறிவின் படைப்பே ஒழிய மனித அறிவுக்கு ஈடு அன்று என்றும், பொறுப்பு மனிதனுடையதே என்றும் வலியுறுத்திற்று. அதே ஆண்டு மே மாதத்தில் தெரிவான புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ, இந்தப் பெயரைத் தாம் தெரிந்தமைக்கு 1891ஆம் ஆண்டுத் திருமுகத்தையும் இன்றைய யந்திரப் புரட்சியையும் காரணமாகக் கூறினார். இவற்றை நம் ஊர்ப் பங்குகளில் தமிழில் விளக்கிக் கூறியவர் எத்தனை பேர்?

கமக்காரனின் பங்கு

வன்னியிலும் மட்டக்களப்பிலும் இதை வாசிக்கும் கமக்காரர், "இது கொழும்பார் கதை" என்று ஒதுக்க வேண்டாம். 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. மண்ணைக் காப்பது நல்ல நோக்கமே. ஆனால் ஒரே இரவில், மாற்றுப் பசளையும் இன்றி, உழுபவனைக் கேளாமலும் செய்த கட்டளை வயலை வெறுமையாக்கிற்று. அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியபோது பெரும்போகத்துக்குக் காலம் கடந்துவிட்டது. உரமும் ஒரு யந்திரத் தொழிலின் விளைவே. அதைத் திணித்தபோதும் உழவனைக் கேட்கவில்லை, பிடுங்கியபோதும் கேட்கவில்லை. பாவம் உரத்தில் இல்லை, கேளாமையில் இருக்கிறது.

சென்ற ஆண்டு கிளிநொச்சிப் பகுதிக் கமக்காரர் ஒருவர் எமது அலுவலகம் வந்தார். விதை நெல் வாங்கக் கைத்தொலைபேசி மூலம் ஒரு நிறுவனத்திடம் சிறு கடன் பெற்றிருந்தார். நிபந்தனைகள் ஆங்கிலத்தில் இருந்தன. "சம்மதம்" என்ற இடத்தைத் தொட்டால்தான் பணம் வரும் என்று மகன் சொல்லத் தொட்டாராம். தவணை தப்பியதும் அவருடைய தொலைபேசியில் இருந்த உறவினர் அனைவருக்கும் அவர் கடன்காரர் என்ற செய்தி போயிற்று. சம்பந்தி வீட்டுக்கும் போயிற்று. "ஐயா, நான் கையெழுத்து வைக்கவில்லையே, விரலால் தொட்டேன், அவ்வளவுதானே?" என்று அவர் கேட்டபோது எமக்கு வார்த்தை எழவில்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறிற்று. அந்த உரிமை கச்சேரி வாசலோடு நின்றுவிடுமா? விளங்காத மொழியில் பெற்ற சம்மதம் சம்மதமா? அம்பாறை இளைஞரின் "ஆம்" எவ்வளவு ஆமோ, இவருடைய "சம்மதம்" அவ்வளவே சம்மதம்.

எமது கோரிக்கைகள்

நல்ல சமாரியனின் கதையை அறியாதவர் இல்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவன் அந்நாளின் மருந்தான எண்ணெயும் திராட்ச ரசமும் வார்த்தான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான். வித்தை, வாகனம், பணம் மூன்றையும் அவன் வெறுக்கவில்லை, அயலானுக்காகப் பயன்படுத்தினான். விலகிப் போன குருவிடமும் லேவியனிடமும் இல்லாதிருந்தது கருவி அன்று, நெஞ்சம். இன்று அவ்வழியே போவோர் விலகிக்கூடப் போவதில்லை. நின்று படம் பிடிக்கிறார்கள்.

ஆதலால் நாம் கேட்பவை இவை. அரசாங்கத்திடம் கேட்கிறோம்: எழுதுபவனைப் பிடிக்கும் சட்டத்தை அகற்றி, யந்திரத்தை நடத்தும் நிறுவனத்தை அயலானுக்குப் பொறுப்பாளியாக்கும் சட்டத்தை இயற்றுக, தரவுகளைக் காக்கும் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருமுன் எவருடைய விரல் அடையாளத்தையும் சேர்க்காதே, கடனாயினும் படிவமாயினும் தமிழில் நிபந்தனை கூறாது பெற்ற சம்மதம் செல்லாது என்று விதி செய்க. திருச்சபைகளிடம் கேட்கிறோம்: பயமுறுத்தலை விட்டுக் கிறீன் வைத்தியரின் வழியிற் செல்லுங்கள், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள உங்கள் மண்டபங்களில் வாரம் ஒரு மாலை, யந்திரத்தையும் சட்டத்தையும் தமிழில் கற்பியுங்கள். சமய பேதம் பாராது வருவோம்.

மூன்றாவது கோரிக்கை எம்மிடமே. பொய்யைப் பரப்பியவர் எப்பொழுதும் பிறரே என்று நாம் சாதித்தால் அது சத்தியமாகாது. சாதியின் பேரால் இழிமொழியும், முஸ்லிம் அயலவர் மீது வதந்தியும், பெண்களின் படங்களும் தமிழில் எழுதிய கைகளாலேயே தமிழர் தொலைபேசிகளில் பரவுவதை நாம் காண்கிறோம். எமது கட்சித் தொண்டரும் இதற்கு விலக்கல்லர். 1983இல் பட்டியலுக்குப் பயந்து ஒளிந்த மக்கள், இன்று பிறர் மேல் பட்டியல் எழுதலாமா? உண்மையென்று அறியாத ஒரு செய்தியை அடுத்தவனுக்கு அனுப்பும் விரல், அந்த நிமிஷத்தில் பத்திராதிபரின் விரல். பத்திராதிபரின் பொறுப்பும் அதற்கு உண்டு.

யந்திரத்தைக் கூண்டிலிருந்து இறக்குங்கள். அதற்கு மனச்சாட்சி இல்லை. ஆகவே குற்றமும் இல்லை. அந்தக் கூண்டில் ஏறவேண்டியவர் மூவர்: எச்சரிக்கையை வாசித்தும் வாளாவிருந்த அதிகாரி, இலாபத்தை எண்ணி அயலானை எண்ணாத முதலாளி, பொய்யென்று சந்தேகித்தும் விரலை அசைத்த நாம். வழக்கு நம் அனைவர் மேலும் இருக்கிறது. பதில் சொல்ல ஆயத்தமாவோம்.